செடிச் சங்கத் தேர்தல்: பெட்டியைத் திறந்தப்போ நடந்தது, உங்க பக்கத்து அனுபவம் சொல்லுங்க

மார்த்தாண்டம்:
செயலாளர் பதவிக்கு ரெண்டு பேர் போட்டி. எந்தச் சங்கம்னு சொல்ல வேண்டாம், இந்தப் பக்கம் செடி வளர்க்கிறவங்களுக்குத் தெரியும். பெட்டியைக் கவிழ்த்து எண்ணினா 44 சீட்டு. பதிவேட்டில் கையெழுத்து 41. ஜெயிச்சவருக்கு வித்தியாசம் 2 ஓட்டு. சீட்டு எல்லாம் ஏ4 தாளை நாலாக் கிழிச்சது. எண் கிடையாது, சங்க முத்திரை கிடையாது, பின்பக்கம் யாரோட இனிஷியலும் கிடையாது. அதிகமா வந்த மூணு சீட்டு எதுன்னு பார்க்க, எண்ணினவர் ஒவ்வொண்ணா டியூப்லைட் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தார். எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே தாள், ஒரே நீலப் பேனா. கடைசியில் "சரி விடுங்க, நம்ம ஆளுங்கதானே"ன்னு கைதட்டி முடிச்சுட்டாங்க. தோத்தவர் ஒரு வார்த்தை பேசாம எழுந்து போனார். அடுத்த கண்காட்சிக்கு அவர் ஆந்தூரியம் வரலை, வெட்டுப்பூ மேசை பாதி காலி. அந்த மூணு சீட்டுக்கு என்ன பண்ணியிருக்கணும்?

களியக்காவிளை:
மூணு சீட்டு அதிகம்னா உடனே கள்ள ஓட்டுன்னு முடிவு கட்டாதீங்க சார். குடும்பச் சந்தா இருக்கான்னு முதல்ல பாருங்க. எங்க சங்கத்துல நடந்தது அதுதான்: புருஷன் பேர்ல ஒரே ரசீது, பதிவேட்டில் அவர் மட்டும் கையெழுத்து, ஆனா மேசையில இருந்தவர் ரெண்டு பேருக்கும் சீட்டு கொடுத்தார். "எனக்கு ஓட்டு இல்லேன்னா என் ரோஜாவுக்கு மட்டும் எப்படி பரிசு கொடுத்தீங்க?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க பாருங்க, மேடையில யாருக்கும் பதில் இல்லை. குடும்பச் சந்தாவுக்கு ஒரு ஓட்டா ரெண்டான்னு பைலாவில், அதாவது சங்க விதிமுறையில், ஒரு வரி இருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

சீட்டு அடிக்கிறது பெரிய செலவு இல்லை. ரசீதுப் புத்தகம் மாதிரி அடிக்கட்டை வைங்க, எண் அடிக்கட்டையில மட்டும். சீட்டில் எண் போட்டா யார் யாருக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சுபோகும். பதிவேட்டில் கையெழுத்து வாங்கின பிறகுதான் சீட்டு, கொடுக்கும்போதே பின்பக்கம் தேர்தல் அதிகாரி இனிஷியல். திறந்ததும் மடிப்பைப் பிரிக்காம எண்ணிக்கையை மட்டும் பாருங்க. அப்புறம் இனிஷியல் இல்லாததைத் தனியா வைங்க. அதுக்கப்புறமும் கூடுதல் இருந்தா, கூடுதல் சீட்டு வெற்றி வித்தியாசத்தை விடக் குறைவுன்னா முடிவு நிக்கட்டும். சமமோ அதிகமோன்னா அந்தப் பதவிக்கு மட்டும் மறு ஓட்டு. உங்க கணக்குக்கு, 3 கூடுதல், வித்தியாசம் 2, கண்டிப்பா மறு ஓட்டு போட்டிருக்கணும். ஆனா இந்த விதியை வேட்புமனு வாங்குறதுக்கு முன்னாடியே எழுதி ஒட்டணும். பெட்டி திறந்த பிறகு சொன்னா தோக்கிறவர் பக்கம் பேசுற மாதிரி ஆயிடும்.

பாறசாலை:
பெட்டி, முத்திரை எல்லாம் ஆள் நிக்கிற சங்கத்துக்கு. இங்க நிக்க ஆளே இல்லை, அதுதான் பிரச்சினை. எங்க பொதுக்குழுவை கண்காட்சி அன்னைக்கே வெச்சாங்க. பொருளாளர் பேர் கேட்டாங்க, யாரும் கை தூக்கலை. வெளியே வேனிலேருந்து ஹெலிகோனியா இறக்கிட்டிருந்த ஒருத்தர் பேரை யாரோ சொன்னாங்க, எல்லாரும் கைதட்டினாங்க. அவர் ரெண்டு கையிலயும் தொட்டியோட உள்ளே வந்தா, மாலை போடக் காத்துட்டிருக்காங்க! தொட்டியைக் கீழே வைக்கக்கூட விடலை. வருஷம் முழுக்க அவர் கணக்குப் புத்தகத்தைத் தொடலை. அவரைக் குறை சொல்ல முடியாது. மனுவில் நிக்கிறவரோட சொந்தக் கையெழுத்து இல்லாம எந்தப் பேரையும் படிக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தா இது நடந்திருக்காது.

களியக்காவிளைக்காரர் சொன்ன பைலா விஷயத்துல ஒண்ணு. உங்க பைலாவை நாங்களும் எங்களுதை நீங்களும் அப்படியே நகல் எடுக்கிறதுதான் இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையில வழக்கமான தப்பு. உங்களுக்கு 1975 தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம். கேரளப் பக்கம் எங்களுக்கு 1955 திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். பாலக்காட்டுல பழைய மலபார் பகுதித் தமிழ்க்காரங்களுக்கு அதுவும் இல்லை, 1860 சட்டம். சங்கம் எந்த அலுவலகத்துல, எந்தச் சட்டத்துல பதிவோ, அதைப் பார்த்துத்தான் பைலா எழுதணும். நோட்டீஸும் தமிழ், மலையாளம் ரெண்டிலயும் போகணும். ஒண்ணு மட்டும் படிக்கிற உறுப்பினர் ரெண்டு பக்கமும் இருக்காங்க.

நாகர்கோவில்:
எல்லாரும் ஓட்டு எண்ணுறதுலயே நிக்கிறீங்க. எங்க சங்கம் விழுந்தது அதுக்கு அப்புறம். பழைய செயலாளர் வீட்டுல சங்கத்தோட டென்ட்ரோபியம் ஆர்க்கிட் தாய்ச்செடி இருந்தது. புதுக் கமிட்டி போய்க் கேட்டா, "எது சங்கத்துது, எது என்னுது?"ன்னு அவரே கேட்டார். ஒரு தொட்டியிலயும் பேர்ச்சீட்டு இல்லை. அவ்வளவுதான் கதை. இனி செய்ய வேண்டியதைச் சொல்றேன்.

சங்கச் செடிக்கு அலுமினியச் சீட்டில் எண் குத்திக் கம்பியில கட்டுங்க, பேனா எழுத்து ஒரு மழைக்குத் தாங்காது. எண், ரகம், தொட்டி அளவு, வாங்கின தேதி இருப்புப் பதிவேட்டில். பொறுப்பு மாறும்போது ரெண்டு பேரும் கையெழுத்து, ஒவ்வொரு தொட்டிக்கும் போட்டோ. நம்ம மாவட்டத்துக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை நேரத்துல டென்ட்ரோபியத்தை இடம் மாத்திப் புதுத் தொட்டியில வெச்சா அடிக்குருத்து அழுகும். அதனால தேர்தலை ஜனவரி, பிப்ரவரியில வைங்க. ஓணத்துக்கு முந்தின ரெண்டு வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம், தோவாளைப் பூச்சந்தையில பூ ஏத்துற ஆளுங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. வந்த செடியை ரெண்டு வாரம் தனியா வைங்க, மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இலைக்காம்பு இடுக்குல ஒளிஞ்சு வரும்.

அடுத்தது பேங்க். தீர்மான நகலும் புது ஆளுங்களோட அடையாள ஆவணமும் கொடுக்கிற வரைக்கும் பழையவங்க கையெழுத்துதான் செல்லும். ஜெயிச்ச அன்னைக்கே மினிட்ஸ் புத்தகத்துல எழுதி, தலைமை தாங்கினவர் கையெழுத்து வாங்குங்க. நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் கமிட்டி மாற்றத்தைப் படிவம் 7-ல் மாவட்டப் பதிவாளருக்குக் கொடுக்கணும். அது போகலேன்னா பதிவாளர் புத்தகத்துல பழைய பேரே நிக்கும். ஒரு கமிட்டி 3 வருஷத்துக்கு மேல இருக்க முடியாது, திரும்ப நிக்கலாம். உறுப்பினர் பட்டியலைத் தேர்தலுக்கு 15 நாள் முன்னாடியே ஒட்டுங்க, சந்தா பாக்கி யாருக்குன்னு அன்னைக்கே தெரியட்டும். வாசல்ல நின்னு பாக்கி கட்டி ஓட்டுப் போடுறது பெரிய சண்டைக்கு வித்து.

மார்த்தாண்டம்:
தாய்ச்செடியைப் பத்திக் கேட்கவே இல்லை, இருந்தாலும் குறிச்சு வெச்சிருக்கேன். ஆனா சந்தா வாசல்ல வாங்கக் கூடாதுங்கிறது சரியில்லை அண்ணே. பேச்சிப்பாறைப் பக்கத்துலேருந்து மாசம் ஒரு தடவை இறங்கி வர்றவங்க இருக்காங்க, வேற எப்போ கட்டுவாங்க? கடைசித் தேதி வைக்கிறதுன்னா அது ஒரு கூட்ட நாளா இருக்கணும்.

களியக்காவிளை:
சரி, முந்தின மாசக் கூட்டத்தையே கடைசி நாளாக்கிடுங்க. ஓட்டு சமமா வந்தா என்ன பண்றதுன்னும் அன்னைக்கே தீர்மானம் போட்டுடுங்க. எங்களுக்குத் துணைத்தலைவர் பதவிக்கு 19-க்கு 19 வந்தது. பைலாவில் குலுக்கல்னு இருந்ததால ஒரு தாம்பாளத்துல சீட்டு போட்டு, வாட்டர்கேன் கொண்டுவந்த பையனை எடுக்கச் சொன்னோம். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க.