உதவி: புது டோனர் போட்டதும் கறுப்புக் கோடு, தாளெல்லாம் சாம்பல். ஒரிஜினலே வாங்கணுமா?

கலா_டியூஷன் (பிரிக்பீல்ட்ஸ்), வியாழன் இரவு 9:12
அவசரம். நேத்து லேசர் பிரிண்டர்ல டோனர் (மைப் பவுடர் இருக்கிற கட்டை) மாத்தினேன். ஆன்லைன்ல வாங்கின கம்பேட்டிபல் (பிரிண்டர் கம்பெனியோடது இல்ல, வேற ஆள் செஞ்சது), 35 வெள்ளி (ரிங்கிட்). அதுலேர்ந்து எந்தத் தாள் எடுத்தாலும் மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. வெள்ளையா இருக்க வேண்டிய இடமும் லேசா சாம்பல் பூசின மாதிரி வருது. சனிக்கிழமை காலையில படிவம் 3 பிள்ளைங்களுக்குக் கணிதச் சோதனைத் தாள் 60 செட் கொடுக்கணும், ஒரு செட் 8 பக்கம். ஒரிஜினலே வாங்கிடவா, இல்ல வேற கம்பேட்டிபல் போடவா? மெஷினே போச்சா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

செந்தூல்காரன், 9:20
என்ன பிரிண்டர் டீச்சர்? மாடல் நம்பர் சொல்லுங்க. டோனரும் டிரம்மும் (பவுடரைத் தாளுக்கு ஏத்துற உருளை) ஒரே கட்டையா வருதா, தனித்தனியா? அது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

பினாங்கு_மணி, 9:26
கோடுன்னா டிரம்தான். யோசிக்கவே வேண்டாம். டிரம் மாத்துங்க, சாம்பலும் சேர்ந்து போயிடும்.

நகலகம்_பாலா, 9:31
மாடல் இல்லாமல் இதே கேள்வி இங்கே மாதத்துக்கு நான்கு முறை வருகிறது. மேலே பொருத்தி வைத்திருக்கும் குறிப்பை ஒரு தடவை படித்திருந்தால் போதும். 35 வெள்ளி டோனர் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. சோதனைத் தாள் அச்சிடுகிற இடத்தில் ஒரிஜினல் தவிர வேறு எதுவும் போடக் கூடாது. நாளைக்குக் கடை திறந்ததும் ஒரிஜினல் வாங்குங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கிள்ளான்_தேவி, 9:38
தாளைப் பாருங்க அக்கா. இந்த மழையில ரீமைப் பிரிச்சு வெளியே வெச்சா தாள் ஈரம் இழுத்துக்கும். ஈரத் தாள்ல பவுடர் சரியா ஏறாது, எழுத்து மங்கும், ரெண்டு பக்கம் அடிக்கும்போது சுருண்டு சிக்கும். புது ரீம் பிரிச்சு 10 தாள் மட்டும் போட்டுப் பாருங்க. மீதியை உறையோட பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க.

செந்தூல்காரன், 9:44
ஈரத் தாள்ல எழுத்து மங்கும், சரி. ஆனா ஒரே இடத்துல நேர்கோடா கறுப்பு வராதே.

கலா_டியூஷன், 10:05
மன்னிக்கணும், சொல்ல மறந்துட்டேன். ப்ரதர் எச்எல்-எல்2320டி. வாங்கி அஞ்சாறு வருஷம் இருக்கும். கோடு இடது ஓரத்துலேர்ந்து சுமார் 6 செ.மீ. தள்ளி, எல்லாத் தாள்லயும் அதே இடத்துல. டிரம் மாத்தினதே இல்ல. தாள் புது ரீம், 80 கிராம்.

சர்வீஸ்_ரவி (ஜார்ஜ்டவுன்), 10:19
டீச்சர், இப்பவே எதையும் வாங்காதீங்க. உங்ககிட்ட இருக்கிறது ரெண்டு தனித்தனி கோளாறு. ஒண்ணா நினைச்சா காசு வீணாப் போகும்.

முதல்ல கோடு. இந்த மெஷின்ல டோனர் (டிஎன்-2360 இல்லன்னா டிஎன்-2380) தனி, டிரம் (டிஆர்-2355) தனி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு உட்காரும். டிரம்முக்கு மேல மெல்லிசா ஒரு கொரோனா கம்பி ஓடுது. டிரம் முழுக்க சீரா மின்னூட்டம் ஏத்துறது அதோட வேலை. கம்பியில எங்க தூசியோ பவுடரோ ஒட்டியிருக்கோ, அதுக்கு நேர் கீழ மின்னூட்டம் குறையும். மின்னூட்டம் குறைஞ்ச இடத்துலதான் பவுடர் உட்காரும். அதனாலதான் ஒரே இடத்துல, விடாம, முழு நீளத்துக்குக் கறுப்புக் கோடு.

டிரம் மேல ஒரு பச்சைக் கட்டை இருக்கும், இடம் வலமா நகரும். கம்பியைத் துடைக்கிறது அதுதான். மெஷினை அணைச்சு, முன்மூடியைத் திறந்து, டிரம்மை டோனரோட வெளியே எடுத்துப் பழைய செய்தித்தாள் மேல வைங்க. பச்சைக் கட்டையை ஒரு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் பத்துத் தடவை மெதுவா இழுங்க. கடைசியில அம்புக்குறி இருக்கிற பக்கம் முழுசாக் கொண்டு போய் நிறுத்தணும். பாதியில விட்டா அந்தக் கட்டையே கோடு போடும். ரொம்ப பேர் தவறுறது இந்த ஒரு இடத்துலதான். டிரம்மை வெளிச்சத்துல ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல வைக்காதீங்க, மேல ஒரு துணி போடுங்க. பளபளப்பான உருளையைக் கையால தொடவே கூடாது.

அடுத்து சாம்பல். பழைய டோனரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?

கலா_டியூஷன், 10:27
இல்ல, குப்பைப் பையிலதான் இருக்கு, இன்னும் வெளியே வைக்கல. அப்புறம் ஒண்ணு. டோனர் மாத்துறப்போ பெட்டியில இருந்த படத்தைப் பார்த்து அந்தப் பச்சைக் கட்டையை நகத்தினேன். எங்க விட்டேன்னு ஞாபகம் இல்ல.

சர்வீஸ்_ரவி, 10:33
அப்போ கோட்டுக்குக் காரணம் கிட்டத்தட்ட தெரிஞ்சிடுச்சு.

பழைய டோனரை எடுத்து மேலயிருக்கிற பவுடரை உலர்ந்த துணியால துடைங்க. கிடைமட்டமா வெச்சுப் பக்கவாட்டுல அஞ்சாறு தடவை ஆட்டுங்க. டிரம்ல இருக்கிற பச்சை நெம்புகோலை அமுக்கினா புது டோனர் கழண்டு வரும், அந்த இடத்துல பழசை மாட்டி 5 பக்கம் எடுங்க. டோனர் முடிஞ்சதுன்னு விளக்கு எரிஞ்சாலும் அஞ்சு பக்கத்துக்கு உள்ள பவுடர் இருக்கும். பின்னணி வெள்ளையா வந்தா டிரம் நல்லாயிருக்கு, புது டோனர்தான் குற்றவாளி. பழசுலயும் சாம்பல் வந்தா டிரம் தேஞ்சிருக்கு. டிஆர்-2355க்கு 12,000 பக்கம்னு கணக்கு. ‘கோ’ (Go) பட்டனை மூணு தடவை அமுக்கினா செட்டிங்ஸ் பக்கம் ஒண்ணு அச்சாகும், அதுல டிரம் ஆயுள் எவ்வளவு மிச்சம்னு போட்டிருக்கும்.

பவுடர் கையில சட்டையில பட்டா பச்சைத் தண்ணியில கழுவுங்க. சுடுதண்ணி பட்டா ஒட்டிக்கும். வீட்டு வெக்யூம் கிளீனர் வேண்டாம், பவுடர் அவ்வளவு நைசு, வடிகட்டியைத் தாண்டி வெளியே வந்துடும்.

பினாங்கு_மணி, 10:41
டிரம் மாத்தினதே இல்லன்னு அவங்களே சொல்றாங்க. நான் முதல்லயே சொன்னேன்.

சர்வீஸ்_ரவி, 10:46
மணி, டிரம்ல புள்ளியோ வடுவோ இருந்தா 94 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். அந்த உருளையோட சுற்றளவு அவ்வளவு. அடிக்கோலை வெச்சு அளந்தாலே தெரியும். விடாம ஓடுற கோடு கம்பியால வரும், இல்ல உருளையைச் சுத்திக் கீறல் விழுந்திருந்தா வரும். துடைச்ச பிறகும் போகலன்னாதான் டிரம்மைச் சந்தேகப்படணும். ஒரே நேரத்துல ரெண்டையும் மாத்தினா எது கெட்டதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

நகலகம்_பாலா, 10:52
இவ்வளவு சோதனை செய்கிற நேரத்தில் ஒரிஜினல் ஒன்று போட்டுவிட்டு வேலையை முடித்திருக்கலாம். ப்ரதர் பவுடர் நேர்மின்னூட்டம் ஏறுகிற வகை, காந்தத் தன்மை இல்லாதது. கேனன் பொறியில் ஓடும் எச்பி கறுப்பு வெள்ளை லேசர்களில் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம், காந்தப் பவுடர். மலிவு விலைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பவுடர் என்று ஏதோ ஒன்றை அடைத்து விற்கிறார்கள். அப்படி ஒரு பொருள் கிடையாது. சாம்பல் படிவதற்குக் காரணம் இதுதான். அடிப்படை தெரியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

செந்தூல்காரன், 11:01
பவுடர் விஷயம் சரி பாலா அண்ணே. ஆனா கம்பேட்டிபல் எல்லாமே அப்படின்னு சொல்லாதீங்க. இந்த மெஷின்ல டோனரை அடையாளம் காட்டுற சில்லு (சிப்) கிடையாது, பக்கவாட்டுல இருக்கிற பற்சக்கரம்தான் புது டோனர்னு மெஷினுக்குச் சொல்லும். தடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. நல்ல பவுடர் போட்டது நல்லாவே ஓடும்.

இன்னொண்ணு. ப்ரதர்ல கழிவு பவுடருக்குத் தனி டப்பா கிடையாது, டிரம்ல மிஞ்சினது டோனருக்கே திரும்பப் போகும். பழைய பவுடர் புதுசோட கலக்குது. முதல் 20, 30 பக்கம் லேசா அழுக்கா வந்து அப்புறம் தெளியறதும் உண்டு. தெளியலன்னா திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

ஈப்போ_சிவா, 11:08
இவ்வளவு தலைவலி எதுக்கு? இங்க் டேங்க் (பாட்டில்ல மை ஊத்துற பிரிண்டர்) வாங்கிடுங்க டீச்சர். எப்சன் எல்3210க்கு 003 பாட்டில் ஒண்ணு 65 மில்லி. கறுப்பு ஒரு பாட்டில் 4,500 பக்கம்னு போட்டிருக்கான்.

நகலகம்_பாலா, 11:15
பிள்ளைகள் வியர்த்த கையால் தொடுகிற தாள் அது. 003 கறுப்பு சாயமை (சாயம் கரைந்த மை), தண்ணீர் பட்டால் கரையும். லேசரில் பவுடர் உருகித் தாளோடு ஒட்டிவிடும். கேனன் ஜி வரிசைக்கான ஜிஐ-790 கறுப்பு நிறமி மை (கரையாத நுண்துகள் கலந்தது), நிறங்கள் மூன்றும் சாயமை. அந்தக் கறுப்புத் தொட்டியில் கண்ட மையை ஊற்றினால் எழுத்தின் ஓரம் பரவிவிடும். நிறமி மையைச் சாயத் தொட்டியில் ஊற்றினால் மை தெளிக்கும் அச்சுத் தலை அடைக்கும். மையிலும் மலிவு பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈப்போ_சிவா, 11:19
நான் ஒரிஜினல் மைதான் சொன்னேன். நீங்க எதையும் முழுசாப் படிக்கிறது இல்ல.

கிள்ளான்_தேவி, 11:24
சிவா அண்ணே, மாசத்துல ஒரு வாரம்தான் அச்சடிக்கிறவங்களுக்கு இங்க் சரிப்படாது. சும்மா கிடந்தா தலை காயும், சுத்தம் பண்ணப் பண்ண மை கழிவுப் பஞ்சுக்குப் போகும். டியூஷனுக்கு லேசர்தான்.

புதுமுகம்_ஆர்கே, 11:30
இடையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட எச்பி, மாடல் கடைசியில ‘இ’ (e) எழுத்து இருக்கு. அதுக்குக் கம்பேட்டிபல் போடலாமா?

செந்தூல்காரன், 11:37
எச்பி பிளஸ்ங்கிற எச்பியோட திட்டத்துல பதிஞ்சு ஓடுற மெஷின்னா போட முடியாது. அது எப்பவும் இணையத்துல இருக்கணும், எச்பி ஒரிஜினல் மட்டும்தான் ஏத்துக்கும். வாங்குறப்பவே பெட்டியில எழுதியிருக்கும். மத்த மாடல்கள்லயும் பல, மென்பொருள் புதுப்பிப்பு வந்ததும் வெளிச் சில்லை மறுக்கும். 2016 செப்டம்பர் 13ல ஆஃபீஸ்ஜெட் ப்ரோ வெச்சிருந்தவங்களுக்கு ஒரே நாள்ல அப்படித்தான் ஆச்சு. கம்பேட்டிபல் போடுற எண்ணம் இருந்தா மெஷின் வாங்குறதுக்கு முன்னாடியே சில்லு உண்டா இல்லையான்னு கேளுங்க. ப்ரதர்லயும் சில புது வரிசைகள்ல சில்லு வந்துடுச்சு.

சர்வீஸ்_ரவி, 11:49
டீச்சரோட கேள்விக்கே வரலாம். ஒரிஜினலா கம்பேட்டிபலாங்கிறதுக்கு, என் கணக்கு இது.

2360 ஒரிஜினல் 1,200 பக்கம், 2380 ஒரிஜினல் 2,600 பக்கம். இது பக்கத்துல சுமார் 5 விழுக்காடு இடம் மட்டும் கறுப்பாகிற கணக்கு (ஐஎஸ்ஓ 19752ங்கிற அனைத்துலகத் தரம்). கட்டமும் வரைபடமும் இருக்கிற கணிதத் தாள் 10 விழுக்காட்டைச் சுலபமாத் தொடும். அப்போ 2380 கொடுக்கிறது 1,300 பக்கம். உங்க 60 செட் 480 பக்கம், அதுக்கு ஒரு 2380ல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும். 2360 வாங்கினா இன்னும் வேகமாக் கரையும். ஒரிஜினல்னா 2380தான் லாபம்.

கம்பேட்டிபல்னா 2380ன்னு எழுதி 2360 அளவு பவுடர் அடைக்கிற ஆள்கள் இருக்காங்க. பெட்டி வந்ததும் சமையல் தராசுல நிறுத்து எடையை டோனர் மேலயே எழுதுங்க. தீர்ந்ததும் மறுபடி நிறுங்க. எத்தனை கிராம் போட்டிருந்தான்னு தெரியும், அடுத்த தடவை அதே கடையா வேற கடையான்னு முடிவு பண்ணலாம். உருளைக்கு மேல பிளாஸ்டிக் மூடி இல்லாம, காத்துப் புகாத பை இல்லாம வந்தா மாட்டாமலே திருப்பி அனுப்புங்க.

டிரம் மட்டும் ஒரிஜினலா இருக்கட்டும். 12,000 பக்கத்துக்கு ஒரு தடவை செலவு, அதுல மிச்சம் பிடிக்காதீங்க. வாடிக்கையா நல்ல கம்பேட்டிபல், தேர்வுக் காலத்துக்குப் பிரிக்காத ஒரிஜினல் ஒண்ணு அலமாரியில.

நகலகம்_பாலா, 11:58
ஒரிஜினல் வாங்கும்போதும் பார்த்து வாங்குங்கள். பெட்டியைப் பார்த்து ஏமாந்து போலி வாங்குகிறவர்கள் உண்டு. போலிக்குக் கம்பேட்டிபலே மேல், அதில் வாங்குவது என்னவென்றாவது தெரியும். பெட்டியின் ஹோலோகிராம் முத்திரையைச் சாய்த்துப் பாருங்கள். விலை மற்ற கடைகளில் பாதி என்றால் வாங்காதீர்கள்.

கலா_டியூஷன், வெள்ளி காலை 7:40
பச்சைக் கட்டை நடுவுல நின்னிருந்துச்சு. துடைச்சு ஓரத்துல வெச்சதும் கோடு போயிடுச்சு. பழைய டோனர் போட்டு 5 பக்கம் எடுத்தேன், கொஞ்சம் மங்கல், ஆனா பின்னணி வெள்ளை. டிரம் ஆயுள் 41 விழுக்காடு மிச்சம். புதுசைத் திருப்பி அனுப்பப் போறேன். மத்தியானம் 2380 ஒரிஜினல் வாங்கிடுவேன். எல்லாருக்கும் நன்றி.

பினாங்கு_மணி, 8:15
புது டோனர்ல 30 பக்கம் எடுத்துப் பார்த்தீங்களா? செந்தூல்காரன் சொன்ன மாதிரி தெளிஞ்சிருக்கலாமே.

செந்தூல்காரன், 9:02
எந்தக் கடை டோனர்னு தனிச் செய்தியில சொல்லுங்க டீச்சர்.

வாசு_பட்டர்வொர்த், ஞாயிறு மாலை 4:26
எனக்கும் இதே மாடல்தான். கோடு இல்ல, சின்னக் கறுப்புப் புள்ளி. அடிக்கோல் வெச்சுப் பார்த்தேன், 94 மில்லிமீட்டருக்கு ஒண்ணு. டிரம் வாங்கியே ஆகணுமா?

சர்வீஸ்_ரவி, 5:10
அவசரப்படாதீங்க. ஸ்டிக்கர் தாள் அடிச்சிருந்தா பசை ஒட்டியிருக்கும். அச்சான தாளை டிரம் உருளைக்கு நேரா வெச்சு, புள்ளி எந்த இடத்துல வருதுன்னு பாருங்க. உருளையை ஓரத்துப் பற்சக்கரத்தால கையில திருப்பி அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு, உலர்ந்த காதுப் பஞ்சுக் குச்சியால மெதுவாத் துடைங்க. நகம், கத்தி, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஒட்டினதா இருந்தா வந்துடும். மேல்பூச்சே பேர்ந்திருந்தா வராது, அப்போ டிஆர்-2355 வாங்கிக்கலாம். டிரம் கவுண்டரை (டிரம் ஓடின பக்கக் கணக்கை) புதுசு மாட்டினா மட்டும் ரீசெட் பண்ணுங்க, துடைச்சதுக்குப் பண்ணாதீங்க.