நோட்-ஜிப் பில்ட் ஊத்திக்குது, வழி சொல்லுங்க மக்களே

உபுண்டு 22.04ல நல்லா ஓடிட்டு இருந்த நோட் ப்ராஜெக்ட், சர்வர 24.04க்கு மாத்துனதும் என்பிஎம் இன்ஸ்டால்ல எஸ்க்யூலைட்3ங்கற டேட்டாபேஸ் பேக்கேஜ்கிட்ட வந்து செத்துடுது. ஆபீஸ் ஃபயர்வால் கிட்ஹப்ப விடாததால ரெடிமேட் பைனரி வரல, அப்புறம் நோட்-ஜிப்ங்கற (node-gyp) பில்ட் டூல வச்சு அதுவே கம்பைல் பண்ணப் போய் டிஸ்ட்யூடில்ஸ்ங்கற பைத்தான் மாட்யூலே இல்லங்குது, பைத்தான் 3.12ல அத தூக்கிட்டாங்க, இந்த பேக்கேஜோ பழைய நோட்-ஜிப் 8அயே புடிச்சு தொங்குது. அந்த மாட்யூல தர்ற செட்அப்டூல்ஸ் பேக்கேஜ் போட்டேன், அந்த எரர் போச்சு, இப்ப 'மேக்' (make) டூல் காணோம்னு கத்துது. கம்பைலர், மேக் எல்லாம் சேந்து வர்ற பில்ட்-எசென்ஷியல் போட்டா சரியாகும், தெரியும், ஆனா ப்ரொடக்ஷன்ல கம்பைலர் வைக்க அட்மின் அண்ணன் விடமாட்டாரு. என் லேப்டாப் இன்னும் 22.04தான், அதுல பில்ட் பண்ணி நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர அப்படியே தூக்கிட்டு போனா ஓடுமா, இல்ல ஜிலிப்சி (glibc, லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) வெர்ஷன்னு வம்பு பண்ணுமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க, ராத்திரி டிப்ளாய் இருக்கு.