மேடையை நகர்த்துவதா, நிறத்தை மாற்றுவதா?

அசையாமணி: நுண்ணோக்கியில் முப்பரிமாணப் படம் எடுக்க இன்னும் பீசோ மேடையை (மின்னழுத்தத்தால் மாதிரியை நுண்ணளவில் நகர்த்தும் தட்டு) ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறோம். நிறப்பிறழ்ச்சியை வேண்டுமென்றே கூட்டிய லென்ஸில் நீலம் ஓர் ஆழத்திலும் சிவப்பு வேறோர் ஆழத்திலும் குவியும். வேண்டிய நிறத்தை மட்டும் தேர்ந்து விடும் டியூனபிள் ஃபில்டரால் அலைநீளத்தை மாற்றினால் குவியமும் கூடவே நகரும். டெல்லூரியம் டை ஆக்சைடு படிகத்தில் ஒலி அலையைச் செலுத்தி இயங்கும் ஃபில்டரில் நிறம் மாற சில பத்து மைக்ரோ நொடி போதும். அப்புறம் மேடை எதற்கு?

பீசோ பக்தர்: வேகம் சரி, வெளிச்சம்? 300 நானோமீட்டர் அகல வெள்ளொளியில் 2 நானோமீட்டரை மட்டும் விட்டால் மிஞ்சுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கேமரா ஒளி சேர்க்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குள் என் மேடை இறங்கி நின்றிருக்கும். போதாக்குறைக்கு, அந்தப் படிகத்தின் வழியே வரும் படம் மங்கலாகிறது.

அசையாமணி: படத்தை ஏன் அதற்குள் விடுகிறீர்கள்? ஃபில்டரை விளக்குப் பக்கம் வையுங்கள், மங்கல் பிரச்சினையே இல்லை. வெளிச்சத்துக்கு சூப்பர்கான்டினுவம் லேசர், அதாவது பல நிறங்களையும் பலமாகத் தரும் லேசர்.

பீசோ பக்தர்: லேசர் வந்தால் ஸ்பெக்கிளும் வரும், படம் முழுக்கப் பொரிப் பொரியாக.

லியோவின் ரசிகன்: திரவப் படிக ஃபில்டரை, பெர்னார் லியோவின் ஃபில்டர் வழிவந்ததை, மறந்துவிட்டீர்களே! படம் தெளிவாக வரும். நிறம் மாற பல பத்து மில்லி நொடி ஆகும், அவ்வளவுதான்.

பீசோ பக்தர்: அவ்வளவுதான் என்கிறீர்கள். மேடையைவிட மெதுவாக இருக்கிறதே! சரி, அதை விடுங்கள். செல்லுக்குள் பார்ப்பவர்களுக்கு எந்த ஃபில்டரும் உதவாது. செல்லை ஒளிரவைக்கும் ஃபுளோரசன்ஸ் சாயம் குறுகிய அலைநீளப் பட்டையில்தான் ஒளியை உறிஞ்சும். அதைத் தாண்டினால் ஒளிராது. ஒளிர்ந்தாலும் வெளிவருவது வேறு நிறம். உங்கள் லென்ஸில் அது வேறிடத்தில் குவிந்து, குவியத்தில் இல்லாத ஒளியைத் தடுக்கும் நுண்துளையான பின்ஹோலைத் தவறவிடும்.

அசையாமணி: இதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது சிலிக்கான், உலோகம் போல ஒளியைத் திருப்பியனுப்பும் பரப்புகளை. அங்கே ஒளியை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு பாதையில் அனுப்பி மீண்டும் சேர்க்கும் இன்டர்ஃபெரோமீட்டரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அலைநீளத்தை நகர்த்தும்போது ஒவ்வொரு பிக்சலிலும் வெளிச்சம் கூடிக் குறையும். எத்தனை தடவை என்று எண்ணினால் உயரம் கிடைத்துவிடும். 600 நானோமீட்டர் அருகே 2 நானோமீட்டர் அகலமுள்ள ஒளிக்கு இரு பாதைகளின் வித்தியாசம் சுமார் 180 மைக்ரான்வரை இந்தக் கூடிக் குறைதல் தெரியும். ஒளி போய்த் திரும்புவதால் உயரத்தில் 90.

பீசோ பக்தர்: இதை முதலிலேயே 'பரப்பு' என்று சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சம். ஆனால் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் லென்ஸின் குவிய ஆழமே ஓரிரு மைக்ரானுக்குள் அடங்கிவிடும். உங்கள் 90 மைக்ரானில் பெரும்பகுதி மங்கலாகத்தான் தெரியும். மேடையை நான் இன்னும் விற்கவில்லை.