'தொடர்ந்தெழுது' வேண்டாம்: கோப்பு திறக்கும் முறைகளுக்குச் சொல் தேடி

அன்புடையீர், வணக்கம்.

நிரலில் ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் மடக்கின் (loop) விளைவுகளை உரைக்கோப்பில் எழுதும்போது, முன்பே உள்ளதை அப்படியே வைத்துக் கடைசியில் சேர்க்கும் முறை ஒன்று உண்டு; கோப்பைத் திறக்கும் கட்டளையில் அது 'ஏ' (a, append) என்று குறிக்கப்படும். அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு நண்பர் ஒருவர் 'சேர்த்தெழுது' என்றும், மற்றொருவர் 'தொடர்ந்தெழுது' என்றும் முன்மொழிந்துள்ளார்கள். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆயினும் இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

'சேர்த்தெழுது' என்றதும் தேர்வுத்தாளில் 'பிரித்து எழுதுக' என்பதற்கு அடுத்து வரும் வினாவே தமிழ் மாணவருக்கு நினைவுக்கு வரும். வேறு சொல் தேடினாலோ, 'பின்னிணைப்பு' ஏற்கெனவே நூலின் கடைசிப் பக்கங்களுக்கும், 'பின்னொட்டு' இலக்கணத்துக்கும் போய்விட்டன. இவை பழகினால் நீங்கிவிடும் சிறு தடைகள். 'தொடர்ந்தெழுது' என்பதில் உள்ள குறையோ அத்தகையதன்று. அது செய்தியையே தவறாகக் கற்பிக்கிறது.

ஏழாம் வாய்ப்பாட்டை எழுதும் சிறு பைத்தான் நிரலை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 10 வரை சுற்றும் மடக்குக்குள்ளேயே, ஒவ்வொரு சுற்றிலும் கோப்பைப் புதிதாக எழுதுவதற்கான 'டபிள்யூ' (w, write) முறையில் திறந்து, ஒரு வரி எழுதி, மூடிவிடும் மாணவருக்கு இறுதியில் '7 × 10 = 70' என்ற ஒற்றை வரிதான் எஞ்சுகிறது. பழைய வரி அழிவது எழுதும்போது அன்று, திறக்கும்போது. ஒன்றுமே எழுதாமல் மூடினாலும் கோப்பு வெறுமையாகத்தான் கிடக்கும். திறக்கும் கட்டளையை மடக்குக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டால், அதே 'டபிள்யூ' முறையிலேயே பத்து வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும் (வரிமுறிவை நாமே இட வேண்டும் என்பது வேறு செய்தி). அதாவது, இரு முறைகளிலும் எழுத்து தொடரத்தான் செய்கிறது. 'தொடர்ந்தெழுது' என்று பெயரிட்டால், மடக்கு என்றாலே 'ஏ' முறைதான் வேண்டும் என்று மாணவர் எண்ணிக்கொள்வார். நிரலை இரண்டாம் முறை இயக்கிவிட்டு, கோப்பில் 20 வரிகள் நிற்பதைக் கண்டு திகைப்பார்.

ஆகவே சொல்லின் வேர் 'எழுது' என்பதில் அன்றி, 'திற' என்பதில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 'டபிள்யூ' முறைக்குத் 'துடைதிறப்பு', 'ஏ' முறைக்கு 'ஈற்றுத்திறப்பு' என்று முன்மொழிகிறேன்.

'அழி' என்னாமல் 'துடை' என்றதற்குக் காரணம் உண்டு. அழித்தல் என்றால் கோப்பே போய்விட்டது என்று பொருள்படும். இங்கோ கோப்பின் பெயரும் அதன் அனுமதிகளும் அப்படியே இருக்க, உள்ளே இருந்தது மட்டும் போகிறது. சிலேட்டைத் துடைத்தால் சிலேட்டு கையில்தானே இருக்கிறது. யுனிக்ஸ் இயங்குதளத்தில் நாம் இடும் கட்டளைகளை இயக்கும் ஷெல்லில், விளைவைக் கோப்புக்குள் திருப்பும் > குறியும் இதையேதான் செய்கிறது. ஒரு கோப்பின் வரிகளை அகரவரிசைப்படுத்தி, > குறியால் அதே கோப்புக்குள் திருப்பியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: வரிசைப்படுத்தும் கட்டளை படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் கோப்பைத் துடைத்து வைத்திருக்கும்.

'ஈறு' என்பதும் வெறும் அழகுக்காகச் சேர்த்ததன்று. சி மொழியின் தர வரையறைப்படி, 'ஏ' முறையில் திறந்த கோப்பில், அடுத்துப் படிக்கும் அல்லது எழுதும் இடத்தைக் காட்டும் இடங்குறியை நடுவே எங்கு நகர்த்தினாலும் எழுதுவது கோப்பின் கடைசியில்தான் போய்ச் சேரும். திறந்தபோதே கட்டப்பட்டுவிட்ட அந்தப் பண்பை 'ஈற்றுத்திறப்பு' சரியாகக் காட்டுகிறது. 'ஈற்றெழுது' என்று சுருக்கலாமே என்றால், அதை ஈற்றெழுத்தோடு குழப்பிக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

இந்த வரிசையிலேயே, கோப்பு முன்பே இருந்தால் திறக்க மறுக்கும் 'எக்ஸ்' (x) முறைக்குப் 'புதுத்திறப்பு' பொருந்தும். பைத்தானில் அது 3.3 பதிப்பில் வந்தது. 'துடைதிறப்பு' வினைத்தொகையாக நின்றாலும், பேசும்போது நாக்குச் சற்று இடறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டளையாகச் சொல்ல நேரும் இடங்களில் 'துடைத்துத் திற', 'ஈற்றில் திற' என்று விரித்தே எழுதலாம். இதைவிட எளிதான சொல் எவரிடமேனும் இருந்தால் முன்வையுங்கள். 'திற' மட்டும் அதில் இருக்கட்டும்.