கையெழுத்துப் பக்கத்துக்கு என்ன விலை? வாங்கியவர்களும் கைவிட்டவர்களும் ஓர் இணையத் திரியில் எழுதியவை

திரியைத் தொடங்கியவர், கோவை

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் கையெழுத்துப் போட்ட லிமிடெட் எடிஷன்களை, அதாவது எண்ணி இத்தனைதான் என்று அச்சிடும் பதிப்புகளை, தேடிக்கொண்டிருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறோம். விலை போகிற போக்கைப் பற்றித் தனித்தனியாகப் புலம்புவதைவிட, யார் எதை எப்படி வாங்கினோம், எதை ஏன் விட்டோம் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

அவருடைய ‘தி டார்க் டவர்’ வரிசையின் முதல் புத்தகமான ‘தி கன்ஸ்லிங்கர்’ 1982ல் டொனால்ட் எம். கிராண்ட் என்ற சிறிய பதிப்பகத்திலிருந்து வந்தது. சாதாரணப் பிரதி 10,000, விலை 20 டாலர். எண் போட்டு, கிங்கும் ஓவியர் மைக்கேல் வீலனும் கையெழுத்திட்ட பிரதி 500, விலை 60 டாலர். அப்போது அவருடைய பெரும்பாலான வாசகர்களுக்கு இப்படி ஒரு புத்தகம் வந்ததே தெரியாது. அடுத்த வருடம் ‘பெட் செமட்டரி’ வந்தபோது முன்பக்கத்தில் இருந்த ‘இதே ஆசிரியரின் பிற நூல்கள்’ பட்டியலில் ‘தி டார்க் டவர்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, இது எங்கே கிடைக்கும் என்று கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். இன்றைக்கு அந்த 60 டாலர் பிரதி பல ஆயிரம் டாலர்.

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் விசாரித்தேன். மனிதர் பொறுமையாகப் பத்துப் பதினைந்து படங்கள் அனுப்பினார். முதுகுப் பகுதி, நான்கு மூலைகள், மேலுறையின் உள்மடிப்பு, கடைசியாக அந்தக் கையெழுத்துப் பக்கம். அச்சிட்ட வாசகத்துக்குக் கீழே பேனாவில் எழுதிய எண், அதற்கடியில் அவசரமாகச் சாய்ந்து ஓடும் ஒரு கையெழுத்து. அந்தப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன விலையில் இங்கே நல்ல நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். வீட்டில் பேசிப் பார்த்தேன், சரிப்படவில்லை, விட்டுவிட்டேன். போன வருடம் அதே வியாபாரியின் பட்டியலில் வேறொரு எண் வந்திருந்தது. விலை அப்போது சொன்னதைவிட நன்றாகவே கூடியிருந்தது, பிரதியின் நிலை அதைவிடச் சுமார்தான்.

ஏன் இப்படி ஏறுகிறது என்று யோசித்தால், எண்ணிக்கை குறைவு என்பது பாதிக் காரணம்தான் என்று எனக்குப் படுகிறது. கிங் கையெழுத்தைப் போலியாகப் போட்டு விற்பவர்கள் ஏராளம். கடையில் வாங்கிய சாதாரணப் பிரதியில் இருக்கும் கையெழுத்தை யார் நம்புவது? லிமிடெட் எடிஷனில் அந்தச் சந்தேகம் இல்லை. இத்தனை பிரதி, இவர் கையெழுத்திட்டது என்று பதிப்பகமே அச்சடித்துக் கொடுக்கிறது. நாம் கூடுதலாகக் கொட்டும் பணம் அந்த நம்பிக்கைக்குத்தான் போகிறது.

நியூ ஜெர்சியிலிருந்து

கோவை அண்ணா சொன்னதில் கடைசிப் பத்தியை அப்படியே ஏற்கிறேன். அதோடு ஒன்று சேர்க்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் பலர் எழுத்தாளர் ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்துத் திறந்து கையெழுத்துப் போட்டதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பதிப்பகம் வெறும் தாள்களைக் கட்டுக்கட்டாகப் பெட்டியில் வைத்து அவர் வீட்டுக்கு அனுப்பும். மை சிந்துவது, மடங்குவது எல்லாம் நடக்கும் என்பதால் தேவைக்கு மேல் கொஞ்சம் தாள்களும் சேர்ந்து போகும். அவர் போட்டு அனுப்பிய பிறகு ஓவியருக்கு, முன்னுரை எழுதியவருக்கு என்று அதே கட்டு ஊர் ஊராகச் சுற்றும். எல்லாம் திரும்பி வந்த பிறகுதான் தைத்துக் கட்டுவார்கள். புத்தகம் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்று பதிப்பகத்தைத் திட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

தாள் இப்படி யார் கண்ணிலும் படாமல் போய் வருவதால்தான் 2022ல் பாடகர் பாப் டிலன் விவகாரம் எங்களையெல்லாம் அப்படி உலுக்கியது. அவருடைய கட்டுரை நூலில் ‘கையால் கையெழுத்திட்டது’ என்று சொல்லி 900 பிரதிகளை, ஒன்று 599 டாலருக்கு, உண்மைச் சான்றுக் கடிதத்தோடு விற்றார்கள். புத்தகம் கைக்கு வந்ததும் ரசிகர்கள் அவரவர் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடுகள் அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின. இயந்திரம் போட்ட கையெழுத்து! பதிப்பகமான சைமன் அண்ட் ஷுஸ்டர் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தலைச்சுற்றல் இருந்ததாலும் கொரோனா காலத்தில் உதவியாட்களைச் சேர்க்க முடியாததாலும் இப்படிச் செய்ததாக டிலனும் அறிக்கை விட்டு வருத்தம் தெரிவித்தார்.

நான் அதை வாங்கவில்லை. ஆனால் அந்த வாரம் என் அலமாரியில் இருந்த எண்ணிட்ட பிரதிகள் அத்தனையையும் இறக்கி, விளக்கடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். கையால் போட்டதில் பேனா அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும், வேகமாக இழுத்த இடத்தில் மை மெலியும், ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் கையெழுத்து கொஞ்சமாவது வேறுபடும். இயந்திரக் கோட்டில் அழுத்தம் ஒரே சீராக ஓடும். இதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், பூதக்கண்ணாடி ஒன்று போதும்.

அப்புறம், விலை ஏற்றத்துக்கு ‘எண் உரிமை’யும் ஒரு பெரிய காரணம். போன புத்தகத்தில் 112ஆம் எண் உங்களிடம் இருந்தால், அடுத்த புத்தகத்திலும் அதே 112ஐ முதலில் உங்களுக்கே தருவார்கள். பல சிறு பதிப்பகங்களில் இது வழக்கம். வாசகருக்கு மரியாதை செய்யும் ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இதனால் ஒரு வரிசையில் முதல் புத்தகத்தை வாங்குகிறவர் அடுத்து வரப்போகிற எல்லாவற்றுக்கும் சேர்த்து இடம் பிடிக்கிறார். புதியவர்களுக்கு மிஞ்சுவது யாரோ வேண்டாம் என்று விட்ட நாலைந்து எண்கள். கையெழுத்துத் தாளே இன்னும் எழுத்தாளர் வீட்டில் இருக்கும்போது, அந்தப் புத்தகத்தை இரண்டு மடங்கு விலைக்கு ஒருவர் விற்றதை நான் கண்ணால் பார்த்தேன். வாங்கியவர் அந்த எழுத்தாளரை ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று அவரே சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

லண்டனிலிருந்து

இந்த நோய் இங்கேயும்தான். இங்குள்ள பதிப்பகமான ஃபோலியோ சொசைட்டி 2022ல் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ லிமிடெட் கொண்டுவந்தது. 1,000 பிரதி, 1,000 பவுண்டு. டோல்கீன் 1973லேயே போய்விட்டார், அதனால் ஓவியர் ஆலன் லீ கையெழுத்து. ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் ஆயிற்றே, யார் வாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தவர்கள் ஏமாந்தார்கள். இணைய வரிசையில் நானும் நின்றேன், என் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. பிறகு மறுவிற்பனையில் பல மடங்கு விலை சொன்னார்கள்.

குலுக்கல் முறையே நியாயம் என்பது என் கட்சி. கிங்கே அதைச் செய்திருக்கிறார். 1984ல் தன் சொந்தப் பதிப்பகமான ஃபில்ட்ரம் பிரஸ்ஸில் ‘தி ஐஸ் ஆஃப் தி டிராகன்’ போட்டபோது, விற்பனைக்கு வைத்த 1,000 பிரதிகளையும் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார். வேகமான இணைய இணைப்பும் பகல் நேரத்தில் ஓய்வும் உள்ளவருக்கே புத்தகம் என்கிற இன்றைய ஏற்பாட்டைவிட அது எவ்வளவோ மேல். மருத்துவமனையில் பகல் ஷிஃப்ட் பார்க்கிற என்னைப் போன்றவர்கள் விற்பனை தொடங்கும் பதினொரு மணிக்குக் கணினி முன்னால் எங்கே உட்காருவது?

சிங்கப்பூரிலிருந்து

சுருக்கமாக ஒன்று. எண்ணிக்கை அதிகமானால் விலை ஏறாது என்று நம்பாதீர்கள். டாஷன் பதிப்பகம் 1999ல் போட்ட, புகைப்படக் கலைஞர் ஹெல்முட் நியூட்டனின் ‘சுமோ’ 10,000 பிரதி, அத்தனையும் எண் போட்டுக் கையெழுத்திட்டவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ, வைத்துப் பார்க்க ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்த மேசை வேறு. பிரதிகள் குறையக் குறைய டாஷனே விலையை ஏற்றிக்கொண்டு போனது. எண்பதுக்கும் மேற்பட்ட பிரபலங்கள் கையெழுத்திட்ட முதல் எண் பிரதி 2000ல் பெர்லின் ஏலத்தில் 6,20,000 ஜெர்மன் மார்க்குக்குப் போயிற்று. இங்கே ஒரு கலைக்கூடத்தில் ஒரு பிரதியைப் பார்த்தேன். பக்கம் புரட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது.

சென்னையிலிருந்து

நம்மூரில் இருந்து வாங்குகிறவர்களுக்கு விலைப் பட்டியலில் வராத செலவுகள் உண்டு, அதையும் யாராவது எழுத வேண்டும். இறக்குமதிப் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டிலிருந்து 5 சதவீத சுங்க வரி. அதன்மேல் கூரியர்காரர்களின் கட்டணம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்கு வந்த ஒரு பார்சலைப் பரிசோதனைக்குப் பிரித்தவர்கள், அட்டைப்பெட்டிக்குள் இருந்த பஞ்சுத் திணிப்பைத் திரும்ப வைக்காமலே ஒட்டி அனுப்பிவிட்டார்கள். புத்தகத்தைச் செருகி வைக்கும் அட்டை உறையான ஸ்லிப்கேஸின் கீழ் மூலை நசுங்கி, உள்ளே புத்தகத்தின் துணி அட்டையும் அதே இடத்தில் குழிந்திருந்தது. சேகரிப்பவர்கள் மூலையை விரலால் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். அந்த ஒரு குழிக்கு மறுவிற்பனையில் நல்ல தொகை போய்விடும். நான் விற்கப்போவதில்லை, இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

அடுத்தது நம் காற்று. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்தால் விலை கூடும் என்று அமெரிக்க நண்பர்கள் சொல்வார்கள். கடற்கரை ஊரில் அதைச் செய்யாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி அட்டை வளையும், விளிம்பில் பழுப்புப் புள்ளி விழும். ராமபாணப் பூச்சிக்கும் எண்ணிட்ட பிரதி, சாதாரணப் பிரதி என்ற பேதமில்லை. மழைக்காலத்தில் அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, வெயில் நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுவதுதான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடை ஒன்றில் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தேன். முதல் பக்கத்தில் ஆசிரியர் தன் நண்பருக்கு நாலு வரி எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்த பிரதி. எழுதியவர் மறைந்து பல வருடம் ஆகிறது. கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “பேனால கிறுக்கியிருக்கு தம்பி, இருபது ரூபா கம்மியா குடு” என்றார். அந்தப் பக்கத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று சொல்லி முழு விலையையே கொடுத்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஜனவரிப் புத்தகக் காட்சியில் நம் எழுத்தாளர்கள் அரங்கில் உட்கார்ந்து, கேட்டவருக்கெல்லாம் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். அதற்கு ஒரு ரூபாய் கூடுதலாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பிரதிகளை யாராவது பத்திரமாக வைக்கிறார்களா என்பதுதான் என் கவலை.

திரியைத் தொடங்கியவர், கோவை

சென்னைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் அலமாரியையும் திறந்து வைத்திருக்கிறேன். நியூ ஜெர்சி நண்பருக்கு ஒரு கேள்வி. 1990ல் டபுள்டே பதிப்பகம் போட்ட கிங்கின் ‘தி ஸ்டாண்ட்’ முழுப் பதிப்பு, மரப்பெட்டியில் வந்ததே, 1,250 எண்ணிட்ட பிரதி. அதில் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பெட்டி இல்லை, புத்தகம் மட்டும். விலை கொஞ்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாங்கலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து

படிக்க என்றால் தாராளமாக வாங்குங்கள் அண்ணா. பிற்காலத்தில் விற்கும் எண்ணம் இருந்தால், பெட்டி இல்லாத பிரதிக்கு வாங்க ஆள் கிடைப்பது சிரமம். எப்படியானாலும் பணம் அனுப்பும் முன் கிங், ஓவியர் பெர்னி ரைட்சன் இருவர் கையெழுத்தும் எண்ணும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தாள் தையலோடு சேர்ந்திருக்கிறதா, பிறகு ஒட்டியதா என்று உள்விளிம்பையும் காட்டச் சொல்லுங்கள். அதே எண் முன்பு எந்த ஏலத்திலாவது வந்திருக்கிறதா என்று நான் பழைய ஏலப் பட்டியல்களில் தேடித் தருகிறேன். பெட்டியோடு விற்ற எண் இப்போது பெட்டியில்லாமல் வருகிறது என்றால், பெட்டி எங்கே போயிற்று என்று அவரிடம் கேட்டுவிடுங்கள்.