பற்றர்சீ ஹெலிகொப்டர் தளம்: ஆற்றுக்கு மேல் நின்ற நாட்கள்

ஆற்றங்கரைக்காரன்:

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய ஒரு மேடையில் நின்று நாலு வருடம் ஹெலிகொப்டர்களுக்குக் கை காட்டியிருக்கிறேன். பற்றர்சீ ரயில் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது அந்தத் தளம். ஹெலிகொப்டர்களை நிறுத்தி வைப்பது கரையில். இறங்குவதும் எழும்புவதும் மட்டும் ஆற்றுக்கு மேலே.

ஏன் ஆற்றங்கரையில் என்று பலர் கேட்பார்கள். இவ்வளவு நெருக்கமான நகரத்தில் வீடும் ஆளும் இல்லாத நீளமான வெளி என்றால் அது ஆறுதான். எஞ்சின் நின்றுபோனால் இறக்குவதற்கு வேறு இடம் கிடையாது. அதனால்தான் ஒற்றை எஞ்சின் ஹெலிகொப்டர்கள் மத்திய லண்டனைக் குறுக்கே வெட்டிப் பறக்க முடியாது. தேம்ஸ் எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் அவையும் வளைந்துதான் வரவேண்டும்.

காலையில் முதல் வேலை எரிபொருள் பார்ப்பது. தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் மணிமணியாக உருளும். சுத்தமான எரிபொருள் பளிங்கு போல இருக்கும். குளிரில் விரல் விறைத்துப் போனாலும் அந்தப் போத்தலை அவசரமாகப் பார்த்து வைத்த நாள் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் மேடையை நடந்து பார்ப்பது. தேம்ஸில் நாளுக்கு இரண்டு தடவை நீர் ஏறி வற்றும். லண்டன் பாலத்தடியில் 7 மீட்டர் வரை வித்தியாசம் வரும். வற்றியதும் கரையோரச் சேறு வெளியே தெரியும், அதில் மேய வரும் கடற்காகங்கள் கண்டதையும் மேடையில் போட்டுவிட்டுப் போகும். ஒரு சின்னப் பொலித்தீன் பை போதும், விசிறிக் காற்றில் மேலே ஏறி எஞ்சின் வாய்க்குள் போய்விடும். அதனால் குனிந்து பொறுக்குவதுதான் எங்கள் வேலையில் பாதி.

என்னால் மறக்க முடியாதது ஒரு சால்வை. ஏறவந்த பெண்மணி அதைக் கழுத்தில் சும்மா போட்டிருந்தார். தொப்பி, சால்வை எல்லாம் பைக்குள் வைக்கச் சொல்வது என் பொறுப்பு. அன்று இருவரை ஒன்றாகக் கூட்டிப்போகிற அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டேன். விசிறி சுழன்றுகொண்டிருந்தது. விமானியின் கண்ணில் படுகிற பக்கமாகத்தான் நடத்திப் போனேன், அது சரி. பாதி வழியில் சால்வை கழன்று மேலே எழும்பி, வால் பக்கம் திரும்பியது. வாலில் சுழலும் சின்ன விசிறி கண்ணுக்கே தெரியாது, ஒரு மங்கல் மாதிரித்தான் இருக்கும். சால்வை அதற்கு ஒரு கை தூரத்தில் விலகிப் போய் ஆற்றில் விழுந்தது. விமானி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஏசவில்லை. "வால் பக்கம் முழுதும் பார்த்த பிறகுதான் கிளம்புவேன்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்தத் தளம் 1959இல் திறந்தது. அந்தக் காலத்தில் பற்றர்சீக் கரை முழுக்க மாவாலை, மெழுகுதிரித் தொழிற்சாலை என்றுதான் இருந்ததாம். இப்போது கண்ணாடி மாடிக் குடியிருப்புகள். வருடத்துக்கு 12,000 ஏற்ற இறக்கம்தான் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அங்கே வேலை செய்தவன் என்றாலும், அந்த வரம்பு கூடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். பக்கத்தில் பிள்ளைகள் தூங்குகிற வீடுகள் இருக்கின்றன.

வோக்ஸ்ஹோல் தம்பி:

அண்ணா, நான் 2013 ஜனவரி 16 காலையில் வோக்ஸ்ஹோல் பேருந்து நிலையத்தில் நின்றவன். எட்டு மணி ஆகப்போகிற நேரம். கட்டிக்கொண்டிருந்த சென் ஜோர்ஜ் வார்ஃப் கோபுரத்தின் உச்சி பனிமூட்டத்தில் தெரியவே இல்லை. பெரிய சத்தம் ஒன்று, பிறகு தீ, தெரு முழுக்க எரிபொருள் நாற்றம். கோபுரத்தின் பாரந்தூக்கியில் ஹெலிகொப்டர் மோதியிருந்தது. விமானியும், கீழே வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவரும் இறந்துவிட்டார்கள். ரெட்ஹில்லில் இருந்து எல்ஸ்ட்ரீக்குப் பயணி ஒருவரை ஏற்றப் போனவர், அங்கே பனியால் இறங்க முடியாமல் திரும்பி, உங்கள் பற்றர்சீயில் இறங்கக் கேட்டிருந்தார் என்பதைப் பிறகுதான் வாசித்தேன். பனி நாளில் உங்கள் தளத்தில் என்ன செய்வீர்கள்?

ஆற்றங்கரைக்காரன்:

தம்பி, நான் அங்கே சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆனால் பனி நாளில் எல்லாருடைய வாயிலும் அந்தக் காலைதான் வரும். எதிர்க்கரை மறைந்துவிட்டால் நாங்கள் சும்மா இருப்போம். தொலைபேசி மட்டும் ஓயாது. இவருக்குக் கூட்டம், அவருக்கு விமானம் தவறப்போகிறது என்று. மேல் கோபுரத்தில் இருக்கிற கட்டுப்பாட்டாளர் ஒரே குரலில், ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பொறுமையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வாண்ட்ஸ்வேர்த் அக்கா:

நாங்கள் யோர்க் ரோட் பக்கம் ஆறாவது மாடியில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தா. முதல் நாள் காலையில் ஹெலிச் சத்தம் கேட்டதும் அடுப்பை நிறுத்திவிட்டு, என் மகளை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் இருந்துவிட்டா. பங்கருக்குள் ஓடிய பழக்கம், உடம்பு மறக்கவில்லை. மகளுக்கு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அம்மா வெளியே வர அரை மணித்தியாலம் ஆனது. சத்தம் கூடியது என்று நகரசபைக்கு எழுதுகிறவர்கள் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் எழுதினால் வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும். அடுத்த மாதம் அம்மா திரும்ப வாறா. அதுதான் உங்களிடம் கேட்கலாம் என்று.

ஆற்றங்கரைக்காரன்:

அக்கா, நானும் அந்தச் சத்தத்துக்கு ஓடி வளர்ந்தவன்தான். முதல் வாரம் மேடையில் நிற்கும்போது முழங்கால் நடுங்கியது, யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு உதவியது ஹெலியை வெறும் சத்தமாகக் கேட்காமல் கண்ணால் பார்த்ததுதான். அம்மா வந்ததும் காற்றில்லாத ஒரு நாள் பார்த்து எதிர்க்கரைக்குக் கூட்டிப் போங்கள். இம்பீரியல் வார்ஃப் பக்கம் ஆற்றோரம் இருக்க இடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஒன்று வந்து இறங்குவது, ஆள் இறங்குவது, பெட்டியைக் கையில் எடுத்துப் போவது எல்லாம் தெரியும். ஒரு போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோங்கள், ஆற்றங்கரை குளிரும்.