டக் ஆஃப் வார்: உங்க காதுல முதல்ல எப்போ விழுந்தது?

பழந்தட்டு

போன வாரம் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற சாரிட்டி கடையில பீட்டில்ஸ் குழுவுல இருந்த பால் மெக்கார்ட்னியோட 'டக் ஆஃப் வார்' எல்பி இசைத்தட்டு கிடைச்சுது. ரெண்டு பவுண்டு. உறை ஒரு மூலையில நைஞ்சிருக்கு, தட்டுல கீறலே இல்ல. இத்தனை வருஷம் லண்டன்ல இருந்தும் இதுல 'எபனி அண்ட் ஐவரி' மட்டும்தான் தெரியும், அதனாலயே மீதியைத் தொடல. தப்புப் பண்ணிட்டேன்.

1982 ஏப்ரல்ல வந்த ஆல்பம். பீட்டில்ஸ் பிரிஞ்ச பிறகு, அவங்க பாட்டுகளைத் தயாரிச்ச ஜார்ஜ் மார்ட்டின் மெக்கார்ட்னிக்கு முழுசாத் தயாரிச்சுக் கொடுத்த முதல் ஆல்பம் இதுதான். நடுவுல 1973ல பாண்ட் படத்துக்கு 'லிவ் அண்ட் லெட் டை' சேர்ந்து செஞ்சிருக்காங்க. பன்னண்டு வருஷம் கழிச்சு பழைய வாத்தியார்கிட்டத் திரும்பிப் போறதுக்கு ஒரு மனசு வேணும். கோடிக்கணக்குல வித்த ஆளுக்கு "இந்தப் பாட்டு இன்னும் வரலப்பா"ன்னு வேற யாரு சொல்லப்போறா?

நீங்க எப்படி இதைக் கேட்டீங்க, சொல்லுங்க.

ஃபேடர்

சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கும்போது. என் மிக்ஸைக் கேட்டுட்டு ஆசிரியர் ஒண்ணுமே சொல்லல. இந்த ஆல்பத்துல இருக்கற 'டேக் இட் அவே'யைப் போட்டு, "எத்தனை டிரம்மர்?"னு மட்டும் கேட்டார். ஒருத்தர்னு சொன்னேன். ரெண்டு பேர்: பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரும் ஸ்டீவ் காடும் சேர்ந்து வாசிச்சிருக்காங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்காம, ஒரே ஆள் கொஞ்சம் கனமா வாசிக்கற மாதிரி இருக்கும். அதுல எலெக்ட்ரிக் பியானோ ஜார்ஜ் மார்ட்டினேதான். பதிவு இன்ஜினியர் ஜெஃப் எமரிக், அவரும் பீட்டில்ஸ் காலத்து ஆள்.

பீட்டில்ஸுக்கு அப்புறம் மெக்கார்ட்னி வெச்சிருந்த விங்ஸ் குழுவை அப்படியே கூட்டிட்டு வந்து உட்கார வைக்காம, பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஆள் பிடிச்சாங்க. 1981 பிப்ரவரியில கரீபியன்ல இருக்கற மான்செராட் தீவுல மார்ட்டினோட ஏர் ஸ்டூடியோவுக்கு ஸ்டான்லி கிளார்க், கார்ல் பெர்கின்ஸ், ஸ்டீவி வொண்டர்னு இசைக்கலைஞர்கள் ஒவ்வொருத்தரா வந்து இறங்கியிருக்காங்க. 'கெட் இட்' பாட்டு முடியும்போது பெர்கின்ஸ் சிரிக்கறது கேட்கும், அதை வெட்டாம விட்டிருக்காங்க. நானா இருந்தா வெட்டியிருப்பேன். அந்த ஸ்டூடியோ 1989ல ஹியூகோ புயல்ல போயிடுச்சு.

நைட் ஷிப்ட்

தம்பி பழந்தட்டு, நான் 81 கடைசியில லண்டன் வந்தனான். பகல் படிப்பு, இரவு பெற்றோல் ஸ்டேசன்ல வேலை. அடுத்த வசந்த காலம் முழுக்க ரேடியோவில 'எபனி அண்ட் ஐவரி'தான். இங்கையும் அமெரிக்காவிலயும் முதலிடம். ஒரு இரவுக்கு நாலு தரம் கேட்டா ஆருக்கும் வெறுக்கும். பியானோவில கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையும் ஒற்றுமையா இருக்காம். அதே கிழமைதான் ஒருத்தன் மிச்சக்காசை என்ர கையால வாங்க மாட்டன், மேசையில வை எண்டிட்டுப் போனவன்.

கேசட்டை நான் வாங்கேல்லை. ஆரோ கவுண்டரில மறந்து விட்டிட்டுப் போனது. மூண்டு கிழமையா ஒருத்தரும் தேடி வரேல்லை, நான் எடுத்திட்டன். முதல் பக்கத்தின்ர கடைசிப் பாட்டு 'ஹியர் டுடே'. ஒரு கிட்டார், தந்தி வாத்தியம் நாலு, வேற ஒண்டும் இல்லை. அது செத்துப்போன பீட்டில்ஸ் கூட்டாளி ஜோன் லெனனுக்கு எழுதினது எண்டு அப்ப எனக்குத் தெரியாது. ஆனா இல்லாத ஒருத்தனோட இருந்து கதைக்கிற மாதிரி இருந்தது. பாட்டு முடிய பெட்டி டக்கெண்டு நிண்டுது. வெளியில ஒரு வான்காரன் கண்ணாடியில தட்டிக்கொண்டு நிக்கிறான், எனக்குக் கேட்கவே இல்லை.

எனக்கும் ஒரு கூட்டாளி இருந்தவன். ஒரே அறை, ஒரே சட்டி. வாடகைக் கணக்கில கொழுவுப்பட்டுப் பேந்து கதை பேச்சில்லை. அவன் கனடா போய் அங்கை செத்துப்போயிட்டான் எண்டு வேற ஆரோ சொல்லித்தான் அறிஞ்சன். பதினேழு பவுண் பிரச்சினை. அண்டைக்கு இரவுதான் அந்தக் கேசட்டைத் திரும்பத் தேடி எடுத்தனான்.

ஒத்தை ட்ராக்

எனக்கு இந்த ஆல்பம் ஒட்டவே இல்ல. எல்லாம் ரொம்ப மினுமினுப்பு. இதுக்கு முன்னாடி 1980ல அவரே தனியா உட்கார்ந்து எல்லா வாத்தியமும் வாசிச்சுப் பதிவு பண்ணின 'மெக்கார்ட்னி 2' எடுத்துக்குங்க. கிறுக்குத்தனம்தான், ஆனா அதுல ஒரு ஆள் தெரியறார். இதுல மார்ட்டின் இஸ்திரி போட்டுட்டார்.

ஃபேடர்

இஸ்திரின்னா 'ஹியர் டுடே'யில எங்க இருக்கு? 1965ல 'யெஸ்டர்டே'வுக்கும் நாலு தந்தி வாத்தியம்தான் வெச்சார் மார்ட்டின். வேணும்னா பெரிய ஆர்கெஸ்ட்ராவே கொண்டு வந்திருக்கலாம்.

மேல்வரிசை

2018 டிசம்பர், லண்டன் ஓ2 அரங்கத்துல மெக்கார்ட்னி கச்சேரி. கூரைக்குப் பக்கத்து சீட்டு, மனுஷர் எறும்பு சைஸ்ல தெரிஞ்சார். 'ஹியர் டுடே'வைக் கிட்டார் மட்டும் வெச்சுத் தனியாப் பாடினார். முன் வரிசையில ரெண்டு பேர் அந்த நேரம் பார்த்து பியர் வாங்கக் கிளம்பினாங்க. நிறையப் பேருக்கு அது தெரியாத பாட்டு.

மார்ட்டினோட நாலு வாத்தியமும் இல்லாமலே பாட்டு நின்னுச்சு. வீட்டுக்கு வந்து ரெக்கார்டைப் போட்டா செல்லோ உள்ள வர்ற இடத்துல வயிறு ஒரு மாதிரி ஆகுது. ரெண்டும் வேணும்னு தோணுச்சு. பாட்டுல அவங்க அழுத ராத்திரி பத்தி ஒரு வரி வருமே, அது 1964ல ஃப்ளோரிடாவுல கீ வெஸ்ட்ல, புயலால மாட்டிக்கிட்டுக் குடிச்சப்போ நடந்ததுன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்கார்.

பழந்தட்டு

நைட் ஷிப்ட் அண்ணா, எல்பியிலயும் முதல் பக்கம் அதுலதான் முடியுது. எழுந்து தட்டைத் திருப்பணும். நேத்து திருப்பாமலே உட்கார்ந்திருந்தேன், ஊசி உள் வட்டத்துல சுத்திக்கிட்டே கிடந்துச்சு. அந்தக் கேசட் இன்னும் இருக்கா?

நைட் ஷிப்ட்

இருக்கு தம்பி. போடுற பெட்டிதான் இல்லை. முதல் பக்கக் கடைசியில நாடா இழுபட்டுப் போச்சுது, பாட்டு கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்.